சிந்தலகண்டிகைக்குக் கோடு இல்லை

பிப்ரவரி 8, 1982

இது 1979-ஆம் வருஷத்து டைரி. கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கென்று எடுத்து வைத்திருந்து கொடுத்தார்கள். (மூன்று வருஷமாக அலமாரியில் கிடக்கிறது, வேணும்னா எடுத்துகினு போ என்றார்கள். இரண்டும் ஒன்றுதான்.) கிழமை பொருந்தாது. தேதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை கிடைத்துவிட்டது. கிடைத்தது என்றுகூடச் சொல்லக் கூடாது, வேலைதான் என்னைத் தேடிக்கொண்டு வந்தது. திருத்தணி ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் மெட்ராஸிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்து இறங்கியிருக்கிறது. ஜனங்கள் வேலைக்கு எங்கே போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று படம் போட்டுப் பார்க்கிறார்களாம். நாலு மேஜையை ஒன்றாகச் சேர்த்து ஒரு மேப் விரித்திருக்கிறார்கள். ஏரோப்ளேனிலிருந்து போட்டோ பிடித்து அதை வைத்து வரைந்தது. நம்ம மலை விரல் நகம் அளவு. முருகனை இத்தனை சின்னதாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எஞ்சினீயர் பெயர் ராஜவேலு. முப்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சரி, எழவில்லை, நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

"முன் அனுபவம் உண்டுங்களா?"

"71-ல ஜனத்தொகைக் கணக்கு இந்தத் தாலுகாவுல நான்தான் எடுத்தேன் சார்."

கதவுகளில் நம்பர் போடத் தார் டப்பா தூக்கினேன். தார் இல்லாமல் நம்பர் ஏது? நம்பர் இல்லாமல் கணக்கு ஏது? அதனால் சொன்னதில் பொய் இல்லை.

வீட்டுக்கு ஒரு அட்டை. யார் வேலைக்குப் போகிறார், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, நடந்தா, சைக்கிளா, பஸ்ஸா, ரயிலா. கீழே வீட்டுக்காரர் கையெழுத்து. அட்டைகளெல்லாம் மெட்ராஸ் போகும். அங்கே கம்ப்யூட்டர் என்று ஒரு மெஷின் இருக்கிறதாம். அதுவே பேனா பிடித்துக் கோடு போடும். வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு ஒரு கோடு. ஒரே ஊரிலிருந்து நிறையப் பேர் போனால் தடிக் கோடு. கோட்டின் தடிமனைப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று முடிவு செய்வார்களாம்.

எனக்கு எட்டு ஊர். எட்டாவது எங்கள் சிந்தலகண்டிகை.

பிப்ரவரி 9

இந்தியா மேப்பையே மணவாளன்தான் போடப் போகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு. நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

பிப்ரவரி 13

இரண்டு ஊர் முடித்துவிட்டேன். நேர்மையாக, வீடு வீடாக, வெயிலில். காலில் கொப்புளம். இதை நானே எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

இன்றைக்கு முனியன் என்று ஒரு விவசாயக் கூலிக்காரர் என்னை உட்கார வைத்துவிட்டார்.

"வேலைக்கு எந்த ஊருக்குப் போற முனியா?"

"எந்த ஊர்ல வேல இருக்குதோ அந்த ஊருக்கு."

"அதுக்கு அட்டையில எடமில்லப்பா. ஒரு ஊர் சொல்லு."

"இன்னிக்கு போன ஊர எழுதிக்க. நாளைக்கு வந்து அழிச்சிட்டு மாத்திக்க."

அவர் சம்சாரம் மணியம்மை உள்ளேயிருந்து வந்தாள். "கோடு போட்டா பஸ் வருமா சாமி?"

"வரும்."

"அப்ப தடியா போடு."

கம்ப்யூட்டரின் கையை நானே பிடித்துப் போட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மோர் கொடுத்தாள்.

பிப்ரவரி 20

ஏழு ஊர் முடிந்தது. இன்று எட்டாவது, எங்கள் தெரு. சிந்தலகண்டிகை என்றாலே இந்த ஒரு தெருதான்.

எங்கள் தெருவில் ஒரு மரியாதை உண்டு. விடியற்காலை நாலரைக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து திருத்தணி பஸ் தெருவுக்குள் வரும்போது யாரும் வாசல் தெளிக்க மாட்டார்கள். பஸ் போன பிறகுதான் கதவு திறக்கும், சாணித் தண்ணீர் விழும். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஏறுவார்கள். யார் வீட்டுப் பெண் என்று நாம் பார்க்காதது நம் மரியாதை, காட்டாதது அவர்கள் மரியாதை. தறிக்காரன் வீட்டுப் பெண் வெளியூர் கம்பெனிக்குக் கூலிக்குப் போகிறாள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் யாரும் சம்பந்தம் வைக்க மாட்டார்கள். அதனால் எல்லாரும் போகிறார்கள், யாரும் போவதில்லை.

என் தங்கை கௌரியம்மாளின் மகள் காஞ்சனாவும் அதில்தான் போகிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பல்பு கம்பெனி. அஞ்சு இருபது ரயில், அரக்கோணத்தில் மாறி, ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஊருக்கு நான் சொல்லியிருப்பது: டைப்ரைட்டிங் படிக்கிறாள். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்து, லண்டன் பரீட்சை என்பதையும் சேர்ப்பது உண்டு.

அட்டைக் கட்டோடு தெருப் பெரியதனக்காரர் பக்தவச்சலம் வீட்டுக்குத்தான் முதலில் போனேன்.

"நம்ம தெருவுல கேக்கிறதுக்கு இன்னா இருக்குது மணவாளா? அறுபத்தி நாலு வூடு. அறுபத்தி நாலும் சொந்தத் தறி. யாரும் வெளிய போறதில்ல. எழுதிக்க."

"கையெழுத்து வேணும்ணா."

"பையங்கள உட்டு ஒரு மணி நேரத்துல வாங்கித் தர்றேன். சர்க்கார் மேப்புல நம்ம தெரு எப்டி நிக்கணும்னு உனக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம். அறுபத்து நாலு அட்டை. "தொழில்: சொந்தத் தறி. வெளியே போவோர்: இல்லை." கை வலிக்க எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக. எங்கள் வீட்டு அட்டையில் "நான்கு தறி" என்று போட்டேன். இருந்தது ஒன்று, அதுவும் போன வருஷம் கை மாறிவிட்டது. படத்தில் தறியா தெரியப்போகிறது?

பிப்ரவரி 21

காஞ்சனா கேட்டாள்: "நம்ம வூட்டு அட்டையில இன்னா எழுதுன மாமா?"

"எல்லார் வூட்டுக்கும் எழுதினதுதான்."

"நான் போறது?"

"அதெல்லாம் சர்க்காருக்கு எதுக்கும்மா?"

டப்பாவில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

மே 22

படம் வந்துவிட்டது! சுருள் சுருளாக, பாய் மாதிரி. ராஜவேலு சார் மேஜையில் விரித்தார். ஊர் ஊராகக் கறுப்புக் கோடுகள் ஸ்டேஷனை நோக்கி ஓடுகின்றன. சில தலைமயிர் அளவு, சில கயிறு அளவு. பார்த்தால் மலைக்குக் காவடிக் கூட்டம் நாலா பக்கமும் ஏறுகிற மாதிரி இருந்தது. முனியன் ஊருக்கு நல்ல தடிக் கோடு. மணியம்மைக்குச் சொல்ல வேண்டும்.

"இங்க பாருங்க மணவாளன் சார். உங்க ஊர் மட்டும் வெள்ளை."

பார்த்தேன். சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல்.

"வேலையும் வீடும் ஒரே இடத்துல இருக்கிற ஊர் இந்தப் பக்கத்துல இது ஒண்ணுதான். ரிப்போர்ட்ல தனியா எழுதறேன்."

இதைப் பக்தவச்சலத்திடம் சொன்னேன். தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தார். டில்லியில் நம் தெருவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் கொஞ்சம் நீட்டினேன். எல்லாருக்கும் சந்தோஷம். காஞ்சனா கல்கண்டை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டாள்.

ஜூன் 29

புது நேர அட்டவணை. பஸ்ஸிலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஜூலை ஒன்றிலிருந்து நாலரை பஸ் எங்கள் தெருவுக்குள் வராது. தடிக் கோடு உள்ள ஊர்கள் வழியாகப் பெரிய ரோட்டிலேயே நேராகப் போகும். எங்கள் ஊருக்குப் பதிலாகக் காலை பத்து மணிக்கு ஒரு பஸ். சந்தைக்கும் கோயிலுக்கும்.

காரணம் எழுதவில்லை. எனக்குத் தெரியாதா?

தெருவில் ஒருவர் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? நாலரை பஸ் போச்சே என்று அழுதால், அதில் யார் போனது என்று கேள்வி வரும். பக்தவச்சலம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 1

மூன்றேகாலுக்கு எழுந்து போனாள். ஏரிக்கரை மேலே மூன்று மைல் நடந்தால் பெரிய ரோடு. அங்கே பஸ் வந்ததாம், நிரம்பி வழிந்துகொண்டு, நிற்காமலே போய்விட்டதாம். அடுத்த ரயிலில் போய்ச் சேரும்போது கம்பெனிக் கதவு சாத்தியாகிவிட்டது. ஒரு லேட்.

மாதத்தில் மூன்று லேட் என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். இன்னும் தற்காலிகம்தான் அவள். செப்டம்பரில் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருஷம் காத்திருந்தது இந்த செப்டம்பருக்குத்தான். இந்த வீட்டில் உலை வைப்பதும் அவள் கூலியில்தான். இதை நான் இதுவரை எங்கேயும் எழுதினதில்லை.

ஜூலை 5

மாடிக்குப் போனேன். படிக்கட்டில் நாலு தடவை உட்கார்ந்தேன். மலைக்கு ஏறும்போதுகூட இப்படி மூச்சு வாங்கியதில்லை.

சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "சார், எங்க ஊர்லேர்ந்து பக்தர்கள் விடியற்காலையில மலைக்கு வர்றாங்க. தினம் நூறு நூத்தம்பது பேர். நாலரை பஸ் இருந்தா புண்ணியம்."

ராஜவேலு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பக்தர்களுக்குத்தான் பத்து மணி பஸ் போட்டாச்சே? வேலைக்குப் போறவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்க."

சொல்லுங்க என்றார். வாயில் வைத்து ஊட்டினார். நான் "நம்ம ஊர்ல ஏது சார்" என்று சிரித்துவிட்டு வந்தேன். சிரிச்சேனே! இந்த வாயை என்ன செய்யறது?

ஜூலை 8

இரண்டாவது லேட்.

மழைச் சேறு. சந்திரா, பக்தவச்சலத்தின் மருமகள், ஏரிக்கரைச் சரிவில் விழுந்து வலது கை முறிந்துவிட்டது. திருவள்ளூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிற பெண். ஒருத்தரோடு ஒருத்தர் போனால் தெரிந்துவிடும் என்று ஆளுக்கொரு தூரம் விட்டுத் தனித்தனியாக நடக்கிறார்கள். விழுந்தவளைத் தூக்க ஆள் வரவே நேரம் ஆச்சாம். காஞ்சனாதான் திரும்பி வந்து தூக்கியிருக்கிறாள். அதனால்தான் லேட்.

ஆஸ்பத்திரியில் பக்தவச்சலம் சொன்னது: "கிணத்துப் படியில வழுக்கிடுச்சு."

நானும் கூட நின்றேன். ஆமாம் என்று தலையாட்டினேன். கிணற்றுப் படியில் பாசி இருக்கிறது என்று நானாகச் சேர்த்தேன். யார் கேட்டார்கள் என்னை?

ஜூலை 9

கௌரி எனக்குத் தட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பேசுவதில்லை. காஞ்சனா பேசுகிறாள், அதுதான் கஷ்டம்.

"சந்திராக்கா கை முறிஞ்சது கூட நம்ம ஊர் மேப்புல வராது, இல்ல மாமா?"

ஜூலை 11

மாடியில் கேட்டு வெற்று அட்டை வாங்கிவந்து வீடு வீடாகப் போனேன். "உள்ளத எழுதிக் கொடுத்துடலாம். பஸ் திரும்ப வரும்."

முதல் வீடு: "எங்க வூட்லேர்ந்து யாரும் போறதில்லையே."

இரண்டாவது: "நல்லாத்தானே எழுதியிருந்த பாவா? இப்ப எதுக்கு மாத்தற?"

மூன்றாவது வீட்டில் பின்பக்கம் கொடியில் கம்பெனிச் சட்டை காய்கிறது, பையில் பெயர் தைத்தது. அதைப் பார்த்தபடியே அந்த வீட்டுக்காரர் இல்லை என்கிறார். நானும் அதைப் பார்த்தபடியே சரி என்றேன்.

பக்தவச்சலம் கதவருகே நின்றார். "பொய் எழுதினது நீ. போய் ஒப்புக்கிறதா இருந்தா ஒப்புக்க. உன் வூட்டுப் பொண்ணு பேர எழுது. என் வூட்டுப் பேர எழுதினா தெருவுல உனக்குத் தண்ணி கெடைக்காது."

"நீங்க சொல்லித்தானேண்ணா எழுதினேன்."

"நான் சொன்னதுக்குச் சாட்சி இருக்குதா? கையெழுத்து யாருது, முத்து முத்தா?"

என்னோடது.

ஜூலை 14

ஏரிக்கரையில் மூன்று மணிக்கே டார்ச்சோடு போய் நின்றேன். டார்ச் அடிக்கவில்லை, கையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். உருவம் உருவமாக வந்தார்கள். என்னைக் கண்டதும் நின்று, முகத்தை மூடி, புங்கமரத்துப் பக்கம் ஒதுங்கினார்கள்.

"நான் மணவாளன்தான். மூஞ்சி வேணாம், பேர் வேணாம். எண்ணிக்கிறேன், அது போதும்."

எண்ணினேன். பத்துப் பதினைந்து இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்தொரு பேர். அதில் ஏழு ஆம்பிளை, தலையில் துண்டு. ஒருத்தன் நடையைப் பார்த்தே தெரிந்துவிட்டது, பக்தவச்சலத்தின் பெரிய மகன்.

கடைசியில் காஞ்சனா. நிற்கவில்லை. "எண்ணிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

ஜூலை 15

சொல்லிவிட்டேன்.

எதையும் சேர்க்காமல் சொன்னேன். தார் டப்பாவையும் சேர்த்தே சொன்னேன். ராஜவேலு சார் முதலில் கோபப்படவில்லை. எழுந்து போய் மேப் முன்னால் நின்றார். அப்புறம் திரும்பினார்.

"மத்த ஏழு ஊரும்?"

"அது நெஜம் சார். வெயில்ல நடந்து எழுதினேன். முனியனக் கேளுங்க. மணியம்மை மோர் குடுத்தா."

"எப்படி நம்பறது?"

எப்படி நம்புவார்? நாற்பத்தொரு பேர் என்றேன். போன தடவை நூற்றைம்பது பக்தர் சொன்னீங்களே என்றார். கொப்புளம் வந்த காலைக் காட்டலாமென்றால் அதுவும் ஆறிப்போச்சு. உண்மையைச் சொல்லும்போது நம்ப வைக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பொய்க்கு ஆயிரம் வழி தெரியும்.

கடைசியில் சொன்னார்: "கம்ப்யூட்டர் வேலை முடிஞ்சு போச்சு. இனிமே மறுபடி போட இந்த வருஷம் முடியாது. ஆனா வீட்டுக்காரங்க அவங்களே எழுதி, அவங்களே கையெழுத்துப் போட்ட அட்டை இருபத்தஞ்சு வந்தா, கையால கோடு போட்டு டிப்போவுக்கு லெட்டர் எழுதறேன். உங்க கையெழுத்து ஒண்ணுலகூட இருக்கக் கூடாது."

நியாயம்தான்.

"உங்க வீடு மட்டும் விதிவிலக்கு," என்றார்.

ஜூலை 16

எங்கள் வீட்டு அட்டை.

தறி — இல்லை.
மணவாளன், வயது 53. தொழில் — இல்லை.
கௌரியம்மாள், 44. வீடு.
காஞ்சனா, 22. கூலி. பல்பு கம்பெனி, அம்பத்தூர். நாலரை பஸ், அஞ்சு இருபது ரயில்.

இந்த நாலு வரி எழுத முழுப் பகலும் ஆச்சு. "தொழில்" என்ற இடத்தில் மூன்று தடவை பேனாவை வைத்து எடுத்தேன். ஆலோசகர் என்று போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதவில்லை.

காஞ்சனா படித்தாள். அவள் பெயருக்கு நேரே அவளே கையெழுத்துப் போட்டாள். "லண்டன் பரீட்சைய உட்டுட்டியே மாமா" என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். அதே மாதிரி இன்னொரு அட்டை எழுதி, தெருமுனை பஜனைக் கோயில் கதவில் ஒட்டினேன். எல்லாரும் படிக்கட்டும்.

ஜூலை 17

கிழித்துவிட்டார்கள். மறுபடி எழுதி ஒட்டினேன்.

ஜூலை 18

மறுபடி. குழாயடியில் கௌரியின் குடத்தைத் தள்ளி வைத்தார்களாம். காஞ்சனாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த பள்ளிப்பட்டுக்காரர்கள் வரவில்லை என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். கௌரி இன்றைக்குத்தான் என்னிடம் பேசினாள். "இத்தனை நாளா இல்லாத பெருமைய இருக்குதுன்ன. இப்ப இருந்த மானத்தையும் எடுத்து ஒட்டிட்ட அண்ணா."

மறுபடி எழுதி ஒட்டினேன்.

ஜூலை 19

மூன்றாவது லேட். பஸ் நிற்கவில்லை.

முருகா.

ஜூலை 20

வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றேகாலுக்குப் பழக்கத்தில் எழுந்து தலை வாரிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன். எங்கே போவது? கோயில் கதவில் அட்டை இன்று கிழிபடாமல் இருந்தது.

பத்து மணி வாக்கில் சந்திரா வந்தாள். பகலில், முக்காடு இல்லாமல், தெரு நடுவே, கையில் கட்டோடு. ஜன்னல் ஜன்னலாகக் கண்கள்.

"அட்டை ஒண்ணு குடுங்க பெரிப்பா."

"உங்க மாமனார்..."

"அவர் கையெழுத்து போட மாட்டாரு. நான் வேலைக்குப் போறவ, நான் போடுறேன்."

இடது கையால் போட்டாள். கோணல் மாணலாக, முதல் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி. காஞ்சனா அட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். போட்டு முடித்துவிட்டுத்தான் சந்திரா கேட்டாள், "நீ இன்னிக்கு ஏன் போகல?"

காஞ்சனா சொன்னாள். இரண்டு பேரும் அழவில்லை. நான்தான்.

ஜூலை 23

முந்தாநாள் ஆறு அட்டை. நேற்று ஒன்பது. இன்று பத்து. சந்திரா வீடு வீடாகப் போகிறாள், கூடவே காஞ்சனா. கதவு நான் தட்டினால் திறப்பதில்லை, அவர்களுக்குத் திறக்கிறது. நான் வாசலில் நின்று மசி டப்பா பிடிக்கிறேன், கைநாட்டு வைக்கிறவர்களுக்கு. 71-ல் தார் டப்பா, இப்போது இது. இது போதும்.

ஜூலை 24

இருபத்தேழு அட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். ராஜவேலு சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்திராவின் கையெழுத்தைப் பார்த்து, இது யார் என்றார். சொன்னேன். எங்கள் வீட்டு அட்டையை எடுத்தார்.

"இதாவது நிஜமா?"

"பத்தொன்பதாம் தேதி வரைக்கும் நெஜம் சார்."

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது அவருக்கு. அப்புறம் ஸ்கேலை வைத்து, பென்சிலால், சிந்தலகண்டிகையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு கோடு போட்டார். எங்கள் அட்டையையும் சேர்த்தா சேர்க்காமலா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2

காஞ்சனா கிளம்பிவிட்டாள். அம்பத்தூரில் மனோரமா என்று கூட வேலை செய்த பெண், அவள் தங்கியிருக்கும் அறையில் இடம். வேறு ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். மறுபடி முதலிலிருந்து. மறுபடி தற்காலிகம்.

டிரங்குப் பெட்டியைப் பத்து மணி பஸ்ஸில் நான்தான் ஏற்றினேன். "லெட்டர் போயிருக்குதும்மா. பஸ் வந்துடும். கொஞ்சம் பொறுத்துப் பாரேன்" என்றேன்.

"உன் கோட்ட நம்பி இன்னொரு வேலைய உட முடியாது மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. பெட்டிக்கு இடம் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ் நகர்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கௌரியை டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள். சரி சரி என்று கூடவே ஓடினேன். ரொம்ப தூரம் ஓடவில்லை. புளியமரம் வரைக்கும்.

ஆகஸ்ட் 11

நாளைக்குக் கிருத்திகை. ஊர் ஊராகக் காவடி போகிறது. நான் போகவில்லை.

ஆகஸ்ட் 30

கடிதாசு வந்தது. நலமாம். கௌரிக்கு எழுதியிருக்கிறாள். எனக்கு அடியில் ஒரு வரி: "மாமா, புது கம்பெனியில் என் பேரை ரிஜிஸ்டரில் நானே எழுதினேன்."

நாலு தடவை படித்தேன்.

செப்டம்பர் 6

நாலரை பஸ் தெருவுக்குள் வந்தது.

முன்னதாகவே எழுந்து வாசலில் நின்றேன். விளக்கு எரிய வந்தது. ஏறினார்கள், சில பேர் முக்காட்டோடு, சில பேர் இல்லாமல். சந்திரா முன் சீட்டில் உட்கார்ந்தாள். பக்தவச்சலம் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது, அவர் மகன் டிபன் கேரியரோடு இறங்கி வந்தான். எதிர்வீட்டில் பஸ் நிற்கும்போதே வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டு எதிரே டிரைவர் ஒரு நிமிஷம் நிறுத்தினார். எப்போதும் கடைசியாக ஓடி வருகிறவள் காஞ்சனாதான், அந்தப் பழக்கம். ஆரன் ஒரு தடவை அடித்தார். கையை ஆட்டினேன், போங்க என்று.

செப்டம்பர் 9

மெட்ராஸிலிருந்து வேறு ஒருவர் சரிபார்க்க வந்திருந்தார். பெயர் கிருஷ்ணன். ரொம்ப மரியாதையான மனிதர். தெருவில் புது அட்டை கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"தறி இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"உங்க தொழில்?"

"ஒண்ணும் இல்லைங்க."

"வீட்லேர்ந்து யாராவது வெளியூருக்கு வேலைக்குப் போய் வர்றாங்களா?"

கௌரி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

"இல்லைங்க."

எழுதிக்கொண்டார். பிப்ரவரியில் நான் எழுதிய அட்டையை எடுத்து, விரலை வைத்துப் பார்த்தார்.

"தறி மட்டும்தான் தப்பு. இந்தக் கடைசி வரி, புது அட்டை குடுத்த இருபத்தேழு வீட்டுல உங்க வீட்டுல மட்டும்தான் பழைய அட்டையில இருக்கிறபடியே இருக்குதுங்க. 'வெளியே போவோர்: இல்லை.'"

"ஆங்" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன்.